சாட்சி பார்க்கிற அக்கா

என்னைப் பார்த்ததும் அந்த அக்கா கேட்ட முதல் கேள்வி, "உனக்கு சுகர் கீதா?" என்பதுதான்.

கடை திறந்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது. உத்திரமேரூரில் பத்திர ஆபீஸுக்கு எதிர்வரிசையில் ஒரு ஜெராக்ஸ் மெஷினையும் ஒரு லேமினேஷன் மெஷினையும் போட்டுக்கொண்டு, யாராவது ஆதார் அட்டையோடு வரமாட்டார்களா என்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்கூட்டியை நிறுத்தி, ஒரு காலை ஊன்றிக்கொண்டு, இறங்காமலே கேட்டார்.

"இல்லீங்களே" என்றேன்.

"பிபி?"

"இல்லீங்க."

"குடிப்பியா?"

"பொங்கலுக்கு..."

"பொங்கலுக்கு மட்டுமா, பொங்கல்ல ஆரம்பிச்சா?"

"மட்டும்தாங்க."

"பாஸ்போர்ட் எடுத்து வெச்சிகினு கீறியா?"

"ரேஷன் கார்டே போன மாசம்தாங்க கைக்கு வந்துச்சு."

அந்தப் பதிலில்தான் அவர் முகம் மலர்ந்தது. என்னை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தார். "கெட்டியாத்தான் கீற. கடையைச் சாத்திட்டு வா. ஒரு சாட்சிக் கையெழுத்து போடணும்" என்றார்.

பக்கத்து டீக்கடைக்காரர் பால் பாத்திரத்துக்குப் பின்னாலிருந்து சத்தம் போட்டுச் சிரித்தார். "முடிஞ்சிதுப்பா! மாப்ள பாத்துட்டாங்க. இனிமே இந்த ஊரை வுட்டு நீ எங்கயும் போவ முடியாது."

அக்கா ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. வக்கீல் பாதி நாள் காஞ்சிபுரத்திலும் மீதி நாள் செங்கல்பட்டிலும் இருப்பார். உத்திரமேரூர் வேலை மொத்தமும் இவர் கையில். யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. சின்னவர்களுக்குக் குமாஸ்தாக்கா, பெரியவர்களுக்குக் குமாஸ்தாம்மா, எனக்கு வெறும் அக்கா. கறுப்பு ரெக்ஸின் பை ஒன்று வைத்திருப்பார். அதில் மை பேட், மூன்று பேனா, ஒரு சின்னப் பாட்டிலில் தேங்காய் எண்ணெய், ஒரு துணி. கைநாட்டு வைத்தவர்களின் கட்டைவிரலைத் தானே எண்ணெய் தொட்டுத் துடைத்துவிடுவார். "மையோட போனா பஸ்ஸுல எல்லாரும் பாப்பாங்க. இன்னா எழுதிக் குடுத்தே, யாருக்கு எழுதிக் குடுத்தேன்னு பிடுங்கி எடுத்துடுவாங்க" என்பார்.

கிரயம், அடமானம், பாகப்பிரிவினை எல்லாம் அவர் கடமைக்குச் செய்கிற வேலை. உயில் எழுத ஒருவர் வந்துவிட்டாலோ கல்யாண வீட்டுக்காரி மாதிரி ஆகிவிடுவார். குரல் உயரும், டீ வரும், நாற்காலி வரும்.

"மத்த பத்திரத்துல சந்தேகம்னா எழுதிக் குடுத்தவனையே கூப்ட்டு கேட்டுக்கலாம். உயிலுக்குச் சந்தேகம் வரும்போது எழுதினவன் இருக்க மாட்டான்யா. அவனுக்குப் பதிலா பேசறதுக்குத்தான் ரெண்டு சாட்சி. அவரு கையெழுத்து போட்டத நீ கண்ணால பாத்திருக்கணும், நீ போட்டத அவரு பாத்திருக்கணும். பத்திர ஆபீஸ்ல பதிவு பண்ணாலும் சரி, நாளைக்கு கோர்ட்டுல ஒருத்தனாவது வந்து 'நான் பாத்தேன்'னு சொன்னாத்தான் அது உயில். இல்லாங்காட்டி வெறும் காயிதம்." அதற்குத்தான் சுகர், பிபி, பாஸ்போர்ட் எல்லாம். சாட்சிக்காரர் உயில்காரரைவிட நீண்ட நாள் இருக்க வேண்டும். தேடினால் கிடைக்கவும் வேண்டும். சொத்தில் ஒரு செங்கல் கிடைக்கிறவர்கூடச் சாட்சியாக நிற்கக் கூடாது என்பது அவர் தானாகப் போட்டுக்கொண்ட சட்டம்.

ஆனால் உயில் எழுத வருகிறவர்களுக்கு அது புரியுமா? தன் வயதுக் கூட்டாளிகளைத்தான் கூட்டிக்கொண்டு வருவார்கள். எண்பதைத் தொட்ட ஒருவர், கோலூன்றிய இரண்டு நண்பர்களோடு வந்து நின்றது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அக்கா மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மூணு பேரும் ஒரே கிளாஸா?"

"ஆமாம்மா. ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து."

"அப்பிடின்னா மூணு பேருக்கும் ஒரே நேரத்துலதான் ரிசல்ட்டு வரும். எனக்குப் பத்து கிளாஸ் கீழ படிச்சவன் வேணும்" என்றார். கோபப்பட்டிருக்க வேண்டிய கிழவர்கள் மூன்று பேரும் இருமி இருமிச் சிரித்தார்கள். சாவைப் பற்றி அவர் பேசினால் மழையைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கும். வரும், குடை எடுத்துக்கோ, அவ்வளவுதான்.

ஒரு தடவை சாட்சி போட்டால் அதோடு விட்டுவிட மாட்டார். அறுவடை முடிந்த பிறகு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பழைய சாட்சிகளை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு வருவார். வாசலில் நின்றே குரல் கொடுப்பார்: "கீறியாப்பா?" உள்ளேயிருந்து, "கீறேன்க்கா!" "சரி, இரு." ஸ்கூட்டி கிளம்பிவிடும். யாராவது இருமிவிட்டால்தான் இறங்குவார். பழையசீவரத்தில் ஒருவரை அப்படியே பின்னால் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார். என் மனைவிகூட, நான் வண்டியை வேகமாக எடுத்தால், "மெதுவா போ. உன் உசுரு உனக்கு மட்டும் சொந்தமில்ல, நாலு குடும்பத்துச் சொத்து அதுல கீதாம்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

இதையெல்லாம்விடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. உயில் எழுதுகிற நாளில், கையெழுத்துக்கு முன்னால், அக்கா பேனாவை மூடி வைத்துவிட்டு எழுதுகிறவரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பார்.

"இந்த ரெண்டு பேரும் இன்னிய நாளை மறக்கக் கூடாது. அதுக்கு இன்னா பண்ணலாம், சொல்லுங்க."

முன்பு ஒரு வழக்கில் சாட்சிக்காரர் ஒருவர் கூண்டில் ஏறி, "தினம் நாலு கையெழுத்து போடறேன் சார், இது எதுன்னு யாருக்குத் தெரியும்?" என்று சொல்லி இறங்கிவிட்டாராம். அந்த ஒரு வாக்கியத்தில் ஒரு குடும்பத்தின் வீடு போனது. அன்றிலிருந்து இந்த ஏற்பாடு. மறக்க முடியாத மாதிரி ஏதாவது ஒன்று நடந்தே ஆக வேண்டும்.

அதனால் நான் என்னென்ன பார்த்தேன் தெரியுமா! ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் எங்களை நிற்கவைத்துப் பதினாறாம் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னார். பாதியில் திணறியதற்கு என் காதைத் திருகினார். முப்பது வருஷ மீசையை இங்கேயே எடுக்கிறேன் என்று ஒருவர் எதிர்ச் சலூன்காரரைக் கூப்பிட்டார். எடுத்த பிறகு கண்ணாடியில் பார்த்து, "யார்டா இவன்?" என்று கேட்டார், அப்புறம் அக்காவிடம், "அம்மா, கையெழுத்து போடறது நான்தான்னு நீங்கதான் சொல்லணும்" என்றார். திருப்புட்குழியிலிருந்து வந்த ஒரு பெண்மணி, ஐந்து பிள்ளை பெற்றவர், தாலாட்டு ஒன்றை முழுசாகப் பாடினார். என்னோடு சாட்சிக்கு நின்ற ஒருவர் நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். அக்கா அவரை எழுப்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டு வேறு ஆள் தேடினார். "தூங்கினவன் பாத்தான்னு நாளைக்கு எப்பிடிச் சொல்றது?"

எல்லாவற்றையும் உயிலாலேயே முடிக்கிற ஆளும் இல்லை. என் கடையிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், பஜார் வீதி முனையில் பெட்டி, பூட்டு, வாளி விற்கிற பாய் ஒருவர் வந்தார். கடையை இளைய மகளுக்கு எழுதிவைக்க வேண்டும். மனைவி போன பிறகு அவள்தான் கடையையும் பார்த்து, அப்பாவையும் பார்த்தவள்.

"பாய், உங்க சட்டத்துல உயில் மூணுல ஒரு பங்குக்குத்தான் செல்லும். அதுவும் வாரிசுக்கே எழுதினா, நீங்க போன பிறகு மத்த வாரிசுங்க ஒத்துக்கணும். உங்க பையனுங்க ஒத்துக்குவாங்களா?"

"ஒத்துக்குவானுங்க. ஆனா ஒரு பத்து வருஷம் யோசிச்சிட்டு."

"அப்ப உசுரோட கீறப்பவே குடுத்துடுங்க. குடுத்தேன்னு சொல்லணும், அவ வாங்கிக்கினேன்னு சொல்லணும், அப்புறம் நெஜமாவே கையை வுட்டு போவணும். அந்த மூணாவதுதான் கஷ்டம்."

பாய் சிரித்தார். மறுநாள் பெரியவர்கள் நாலு பேரைக் கூப்பிட்டு, பிள்ளைகளையும் வரவழைத்து, சாவிக்கொத்தை மகள் கையில் கொடுத்தார். எல்லோரும் பேரீச்சம்பழம் சாப்பிட்டோம். சாயங்காலம் ஆனது. பாய் ஷட்டரை இறக்கினார், பூட்டினார், சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார். நாற்பது வருஷப் பழக்கம், கை தானாகச் செய்கிறது.

"பாய்!" என்று ரோட்டின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல். அக்கா. இதற்காகவே நின்றுகொண்டிருந்தார். "இன்னா பையில?"

மறுநாள் காலை பாயை என் கடையில் உட்காரவைத்தார். கடைசி மூச்சு வரை நீங்கள் இனி வாடிக்கையாளர் என்று சொல்லிவிட்டுப் போனார். பாய் பத்து நிமிஷம் சும்மா இருந்தார். பிறகு அங்கிருந்தே, "ஏம்மா, அந்த வாளிய அந்த ரேட்டுக்கா குடுக்கற?" என்று கத்தினார். மகள் கல்லாவிலிருந்து தலையை நீட்டி, "கஸ்டமருங்க சத்தம் போடாதீங்க அத்தா" என்றாள். பாய்க்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா, என்னையே மடக்கறா!" அன்று என் கடையில் பிரிண்ட் எடுக்க வந்த ஒருவரையும் விடாமல் அதையே சொன்னார்.

இனி மாகறல் பெரியவர் கதைக்கு வருகிறேன். அக்காவை நான் முழுசாகப் புரிந்துகொண்டது அந்த வழக்கில்தான்.

பெரியவருக்கு இரண்டு பிள்ளைகள். சின்னவர் விபத்தில் போய்விட்டார். அவர் மனைவி, ஒரு பெண் குழந்தையோடு, மாமனார் வீட்டிலேயே இருந்து அவருக்குச் சோறு போட்டாள். மூத்தவர் காஞ்சிபுரத்தில் சொந்த வீடு கட்டிக்கொண்டு போனவர். பெரியவர் தானே சம்பாதித்த சொத்து இரண்டு: ஆற்றோரத்து நஞ்சை, ஊருக்குள் ஒரு வீடு. நஞ்சை மூத்தவனுக்கு, வீடு மருமகளுக்கு. அவர் கேட்டது இவ்வளவுதான்.

மருமகளும் கூடவே வந்திருந்தாள். அக்கா அவளைப் பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பிவிட்டார். "உனக்கு வர்ற சொத்து. நீ பக்கத்துல நின்னா, நீதான் கையைப் பிடிச்சு எழுத வெச்சேன்னு சொல்லுவாங்க. போய் ஒரு டீ குடி, கூப்புடறேன்."

சாட்சிக்கு நானும் ஒரு டிராக்டர் மெக்கானிக்கும். அக்கா வழக்கம்போல் பேனாவை மூடினார்.

"நைனா, இவங்க ரெண்டு பேரும் உங்கள மறக்காம இருக்கணும். இன்னா பண்ணலாம்?"

பெரியவருக்குக் காது மந்தம். இரண்டு தடவை சொன்ன பிறகு தலையை ஆட்டினார். என்னைப் பார்த்து, "உன் பேரு இன்னா சொன்ன?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டார். மறுபடியும் சொன்னேன். அப்புறம்தான், "ஆடு புலி ஆடுவியா?" என்றார்.

மெக்கானிக் விழுந்து விழுந்து சிரித்தான். காரணம் இருக்கிறது. பத்திர ஆபீஸில் டோக்கனுக்குக் காத்திருக்கிறவர்களுக்காக என் கடை பெஞ்சில் ஆடு புலி ஆட்டக் கட்டம் வரைந்து வைத்திருந்தேன். அந்தத் தெருவில் என்னை ஜெயித்தவன் கிடையாது. புலி எடுத்தால் அரை மணி நேரத்தில் ஆட்டை எல்லாம் காலி பண்ணிவிடுவேன்.

மூன்று சோடா மூடி புலி. ஆட்டுக்குக் கூழாங்கல் போதவில்லை என்று அக்கா அவித்த வேர்க்கடலை வாங்கி வந்தார். பதினைந்து கடலை, பதினைந்து ஆடு. பெரியவர் ஆடு, நான் புலி. முதல் ஆட்டத்தில் இரண்டு ஆட்டை வெட்டினேன். வெட்டுப்பட்ட ஆட்டை அவரே எடுத்து உரித்து வாயில் போட்டுக்கொண்டார். "போனது போச்சு, வேஸ்ட் பண்ணக் கூடாது" என்றார். அப்புறம் என் புலிகள் நகர இடமில்லை. இரண்டாவது ஆட்டத்தில் ஒரே ஒரு ஆடுதான் கிடைத்தது. மூன்றாவதில் அதுவும் இல்லை. வந்த டீ ஆறுவதற்குள் மூன்று புலியையும் மூலைக்கு மூலை அடைத்துவிட்டார்.

"புலிக்குப் பசி அதிகம்" என்றார் என்னைப் பார்த்து. பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உயிலை அக்கா படிக்கக் கேட்டு, "நஞ்சை சர்வே நம்பரை இன்னொரு தபா படி" என்று சொல்லி, மெதுவாகக் கையெழுத்துப் போட்டார். அவர் போட்டதை நாங்கள் பார்த்தோம். நாங்கள் போட்டதை அவர் பார்த்தார்.

அன்று சாயங்காலமே நான் ஒரு தப்புச் செய்தேன். மெக்கானிக் டீக்கடையில் விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் டீயை ஊதிக்கொண்டே, "பாவம்யா, வயசான மனுஷன். நாந்தான் வுட்டுக் குடுத்தேன்" என்றேன். ரொம்பச் சுலபமாக வந்தது. அடுத்த வாரமும் சொன்னேன். வருஷக்கணக்கில் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நடந்த மாதிரி ஆகிவிட்டது. அக்கா அங்கேதான் இருந்தார், ஆட்டத்தைப் பார்த்தவர். ஆனால் ஒரு நாளும் மறுத்துப் பேசியதில்லை.

பெரியவர் காலமானார். காரியம் முடிந்து கொஞ்ச நாளில் மூத்தவர் வழக்குப் போட்டார். அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் புத்தி சரியில்லை, உயில் செல்லாது, வீட்டில் பாதி எனக்கு வேண்டும். அந்தச் சின்ன வீட்டைப் பாதியாக வெட்ட முடியாது. விற்றுத்தான் பிரிக்க வேண்டும். விற்றால் அந்தப் பெண்ணுக்கும் குழந்தைக்கும் போக்கிடம் இல்லை.

மெக்கானிக் எங்கே? குவைத்தில். சாட்சி போட்ட அன்று அவனிடம் பாஸ்போர்ட் இல்லை, உண்மைதான். அப்புறம் கல்யாணம் ஆனது, மச்சான் விசா அனுப்பினான். போன் நம்பரும் வேலை செய்யவில்லை. அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். "மாமனார் வூட்டுல விசா கீதான்னு கேக்காம வுட்டுட்டேனே!"

ஆக, மிச்சம் நான் ஒருவன்தான்.

கோர்ட்டில் சாட்சி சொல்வதற்கு முந்தின நாள் அக்காவிடம் போனேன். "அக்கா, ஆட்டத்தைப் பத்திக் கேட்டா இன்னா சொல்றது?"

"நடந்ததச் சொல்லு."

"இல்லக்கா, எப்பிடிச் சொன்னா நமக்கு நல்லது?"

அவர் எழுதுவதை நிறுத்தினார். "நான் சொல்லிக் குடுத்து நீ சொன்னா, அங்க நிக்கறது நான். நான் சாட்சி கிடையாது. போய் நல்லாத் தூங்கு."

அவ்வளவுதான். கெஞ்சியும் ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. முதல்முறையாக அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது.

கோர்ட்டில் கூட்டம் இருந்தது. டீக்கடைக்காரர் கடையை விட்டுவிட்டு வந்திருந்தார். மருமகள் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள், முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டு. அக்கா கடைசி பெஞ்சில், என் கண்ணில் படாத மாதிரி, தூணுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்.

எங்கள் வக்கீல் கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகச் சொன்னேன். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். இளைஞர், சிரித்த முகம்.

"பெரியவருக்குக் காது கேக்குமா?"

"மந்தம்ங்க."

"உங்க பேரை எத்தனை தடவை கேட்டார்?"

"ரெண்டு தடவைங்க."

"சொன்ன பேரே நிக்காத மனுஷன், ஆடு புலியில கெட்டிக்காரரான உங்களை ஜெயிச்சார்னு சொல்றீங்க?"

"ஆமாங்க."

"நீங்க பாவம் பார்த்து விட்டுக் கொடுத்ததா டீக்கடையில சொல்லியிருக்கீங்களே. உண்மையா, இல்லையா?"

டீக்கடைக்காரர் தரையைப் பார்த்தார். ஆம் என்று சொன்னால் பெரியவர் ஒன்றும் தெரியாத மனிதராகிவிடுவார், உயில் போய்விடும், வீடு போய்விடும். சொல்லவே இல்லை என்று சொன்னால் அது பொய். கேட்ட ஆட்கள் நாலு பேர் அங்கேயே நிற்கிறார்கள். தூணுக்குப் பின்னால் அக்காவின் செருப்பு முனை மட்டும் தெரிந்தது. அசையவில்லை.

"சொன்னது உண்மைங்க" என்றேன்.

வக்கீல் நீதிபதியம்மா பக்கம் திரும்பினார். "ஆக, விட்டுக் கொடுத்தீங்க."

"இல்லீங்க. அப்பிடிச் சொன்னது உண்மை. வுட்டுக் குடுத்தது பொய்."

"என்ன?"

"மானம் போவுதேன்னு ஊர்ல பொய் சொன்னேங்க. நெஜமாவே தோத்துட்டேன். மூணு ஆட்டம். உசுரக் குடுத்து ஆடினேன். முடியலீங்க."

டீக்கடைக்காரர்தான் முதலில் சிரித்தார். அவரைப் பார்த்து மற்றவர்கள். டவாலி "அமைதி, அமைதி" என்று சொல்லிவிட்டு அவரும் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். நீதிபதியம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்டார்: "மூணுலயுமா?"

"மூணுலயும்ங்க. கடைசி ஆட்டத்துல ஒரு ஆடுகூட வெட்ட முடியல. டீ ஆறல, அதுக்குள்ள அடைச்சிட்டாரு."

அவர் டைப்பிஸ்ட் பக்கம் திரும்பி நிதானமாகச் சொன்னார்: "சாட்சி மூன்று ஆட்டங்களிலும் தோல்வியடைந்தார்." டைப் ஆனது. கோர்ட்டு ரிக்கார்டில் என் தோல்வி ஏறிவிட்டது. அதை நகல் எடுக்க என் கடைக்குத்தான் அனுப்பினார்கள் என்பது வேறு விஷயம்.

மதிய இடைவேளை. வெளியே வந்து குழாயில் முகம் கழுவினேன். நிமிர்ந்தால் மூத்தவர் நிற்கிறார், பெரியவரின் பிள்ளை. அறுபது வயது இருக்கும். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"நெஜமாவே மூணுலயும் ஜெயிச்சாரா?"

"ஆமாங்க."

"ஆட்டை எங்க எறக்கினாரு மொதல்ல?"

"உச்சிக்கு எதிர்ல, கீழ் வரிசையில. நடுவுல ஒண்ணுகூட வெக்கல."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது, கட்டத்தில் காய் நகர்த்துகிறார் என்று தெரிந்தது. "அப்பிடித்தான் வெப்பாரு. ஒரு தபா கூட என்னை ஜெயிக்க வுட்டதில்ல. சின்னப் பையன் அழறானேன்னு பாக்க மாட்டாரு" என்றார். சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினார். "அவருக்குப் புத்தி இல்லைன்னு எழுதிக் கையெழுத்து போட்டிருக்கேனே."

நான் ஏதோ ஆறுதல் சொல்ல வாயைத் திறந்தேன். பின்னாலிருந்து என் சட்டையை யாரோ இழுத்தார்கள். அக்கா. பேசாதே என்று கண்ணைக் காட்டினார். மூத்தவர் புங்கமரம் வரை போனார், திரும்பினார், மறுபடியும் போனார். அக்கா நகரவில்லை. என்னையும் நகர விடவில்லை.

கடைசியில் அவர் நேராக அக்காவிடம் வந்தார். "இன்னாம்மா பண்ணணும்? வூடு அவளே வெச்சிக்கட்டும்."

அக்கா ஒரு வார்த்தைகூடப் புகழ்ந்து பேசவில்லை. நல்ல மனசு, பெரிய மனசு, எதுவும் கிடையாது. பையைத் திறந்தார், தாளை எடுத்தார், அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்து முழங்காலில் வைத்து எழுத ஆரம்பித்தார். "யோவ், ரெண்டு வக்கீலையும் கூப்புடு. சாப்பாடு அப்புறம்" என்று என்னை விரட்டினார். எழுதியதை மூத்தவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார்: வழக்கை மேற்கொண்டு நடத்த விரும்பவில்லை. உயில்படி வீடு தம்பி மனைவிக்கே. பட்டா மாற்றத்துக்கு என் தரப்பில் ஆட்சேபணை இல்லை.

"பட்டாவ நான் கேக்கவே இல்லையே" என்றார் மூத்தவர்.

"நீங்க கேக்கல. உங்க சம்மதத்த தாலுகா ஆபீஸ்ல கேப்பான். இன்னொரு தபா அலையணுமா அந்தப் பொண்ணு?"

இளம் வக்கீல் தன் கட்சிக்காரரை ஓரமாகக் கூப்பிட்டு இரண்டு நிமிஷம் பேசினார். பிறகு தோளைக் குலுக்கிவிட்டு, "அவரே சொல்றார், நான் என்ன செய்ய?" என்று கையெழுத்துப் போட்டார். மத்தியானம் கோர்ட் கூடியதும் தாள் உள்ளே போனது. நாலு மணிக்குள் வழக்கு இல்லை.

மருமகளுக்கு முதலில் புரியவேயில்லை. அக்கா அவளுடைய இரண்டு தோளையும் பிடித்து, "வூடு உன்னுது. போய் வெளக்கேத்து" என்றார். அவள் அழவில்லை. முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு, "மாமா, மத்தியானம் சாப்ட்டீங்களா?" என்று மூத்தவரிடம் கேட்டாள். அவர் இல்லை என்று தலையாட்டினார்.

பஸ் ஸ்டாண்டு வரை நாங்களும் போனோம். காஞ்சிபுரம் வண்டி மாகறல் வழியாகத்தான் போகும். அவள் முன்பக்கம் பெண்கள் சீட்டில் உட்கார்ந்தாள். அவர் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். காஞ்சிபுரம் வரை போக வேண்டிய மனிதர். அக்காவும் நானும் ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தோம். அக்கா வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, உள்ளே என்ன நடக்கிறது என்று ஒன்று விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்டக்டர் வந்தார். "எங்கய்யா?"

"மாகறல் ரெண்டு" என்றார் மூத்தவர், முன் சீட்டைக் காட்டி.

"லேடீஸுக்கு ஃப்ரீய்யா. அவங்களுக்கு நானே தனியா குடுத்துக்கறேன். உனக்கு ஒண்ணு போதும்."

"ஃப்ரீயா இருந்தா இருக்கட்டும். எங்க வூட்டு ஆளு. நீ ரெண்டா கிழி."

அக்கா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். சந்தோஷம் வந்தால் அவருக்குக் கை நிற்காது. கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டே இரண்டு டிக்கெட் கிழித்தார்.